இரும்பில் இட்ட முட்டை

கனிராஜ், வயது இருபத்தாறு, சென்னை காக்கைமேட்டில் பதினொன்றாம் கம்பத்தின் உச்சியில், இடுப்பில் வார்ப்பட்டியும் கையில் பல் தேய்க்கும் பிரஷுமாகத் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி ஊர்ந்தன. கம்பத்தின் நுனியில் இருந்த மணமீட்டியின் வாய் ஊசி நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். அதில் படியும் கரியை வேறு எந்தத் துடைப்பானாலும் எடுக்க முடியாது. கம்பெனி கொடுத்த கருவிகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, அந்த வேலைக்கு வந்த எல்லாருமே கடைசியில் பல் பிரஷுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

மணமீட்டி என்பது பெரிய மந்திரமில்லை. பூவின் வாசம் என்பது காற்றில் மிதந்துபோகும் மூலக்கூறுகள். லாரிப் புகையில் வெயில் பட்டால் ஓசோன் உண்டாகிறது. அது அந்த மூலக்கூறுகளைக் கடித்துத் துப்பிவிடுகிறது. ஒரு காலத்தில் தெருக்கோடி வரை போன வாசம் இப்போது காம்பவுண்டுச் சுவரைத் தாண்டுவதில்லை. பூ இருந்தது, வண்ணத்துப்பூச்சியும் இருந்தது, நடுவே இருந்த வழிதான் அழிந்துபோயிருந்தது. அழிந்த வாசத்தைச் செய்து திரும்பக் காற்றில் விடுவதுதான் மணமீட்டியின் வேலை. அதைக் கண்டுபிடித்தவர்கள் நல்ல மனதோடுதான் கண்டுபிடித்தார்கள்.

வண்ணத்துப்பூச்சி மேல் ஊருக்கு அவ்வளவு அக்கறை வந்ததற்கு வேறு காரணம் இருந்தது. முன்பு காற்றை அளக்க இரும்புப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதைச் சுற்றி மட்டும் தண்ணீர் லாரியை விட்டுத் தெளித்தார்கள். பெட்டிக்கு எப்போதும் மழைக்காலம், ஊருக்கு எப்போதும் புகைக்காலம். பொறுத்துப் பார்த்த அரசு பெட்டிகளைக் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, தெருவுக்குத் தெரு சிறகெண்ணிகளைப் பொருத்தியது. பறக்கிற இறக்கையைப் பார்த்து இன்னது என்று அடையாளம் காணும் கண்ணாடிக் கண்கள் அவை. காற்று கெட்டால் வண்ணத்துப்பூச்சிகளில் பிடிவாதக்காரர்கள் முதலில் போவார்கள், அதாவது ஒரே ஒரு வகைச் செடியில் மட்டும் முட்டையிடும் இனங்கள். எங்கேயும் ஒட்டிக்கொண்டு பிழைக்கும் நாலைந்து இனங்கள் மட்டும் மிஞ்சும். ஆகவே ஒரு வார்டில் எத்தனை இனம் பறக்கிறது என்று எண்ணினால் அங்கே காற்று எப்படி என்று தெரிந்துவிடும். இருபத்தைந்து இனம் இருந்தால் பச்சை வார்டு. அதற்குக் கீழே மஞ்சள், இன்னும் கீழே சிவப்பு. ஆட்டோக்களின் முதுகில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'பூச்சி பொய் சொல்லாது.'

காக்கைமேடு மஞ்சளில் நின்றது. இருபத்து மூன்று இனம்.

பச்சைக்குக் குறைந்த அந்த இரண்டு இனம் கனிராஜுக்குத் தொண்டையில் மாட்டிய மீன்முள். அவன் மகள் யாழிசைக்கு ஐந்து வயது, இழுப்பு நோய். நகரத்தில் இழுப்புள்ள பிள்ளைகளைப் பச்சை வார்டில் மட்டுமே குடிவைக்கலாம் என்பது சட்டம். அவள் தாயோடு கோவில்பட்டிக்குப் பக்கத்தில் அவன் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். கம்பெனிக் குடியிருப்பில் குடும்பத்துக்கென்று ஓர் அறை காலியாகக் கிடந்தது. வார்டு பச்சையானால் சாவியைத் தருவார்கள்.

அவன் கை எந்நேரமும் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். அதனால் தலைக்கவசத்தில் இருந்த சொல்லெழுதியிடம் பேசுவான். அது எழுதி ஊருக்கு அனுப்பும், வருகிற பதிலைக் காதில் படித்துக் காட்டும்.

"யாழி சாப்பிட்டாளா உலகு? ராத்திரி இழுப்பு வந்துச்சா?"

உலகம்மாள் அவன் மனைவி, மாமன் மகளும்கூட. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்த மாட்டாள்.

"சாப்பிட்டா. இழுப்பு இல்ல. உங்க அண்ணன் மவன் தட்டுல முட்டை, இவ தட்டுல வெறுங்குழம்பு. நான் ஒண்ணும் சொல்லல. நீங்க எப்பக் கூப்பிடுதீங்க?"

"இன்னும் ரெண்டுதான் கொறையுது."

"போன மாசமும் ரெண்டுன்னுதான் சொன்னீங்க. பூச்சிய எண்ணுதீங்களா, இல்ல வானத்துல வெள்ளிய எண்ணுதீங்களா?"

அவன் பிரஷை உதறினான். கரி அவன் மூக்கிலேயே வந்து விழுந்தது.

"இன்னாபா கனி, மேல ஏறித் தவம் பண்றியா? எறங்கு, டீ ஆறுது!"

கீழே மேஸ்திரி டில்லிபாபு நின்றிருந்தார். காக்கைமேட்டிலேயே பிறந்து, காக்கைமேட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே படுத்தறியாத மனிதர். வார்டு மஞ்சளாக நிற்பதைத் தன் சட்டையில் பட்ட கறைபோல எடுத்துக்கொண்டிருந்தார்.

"எந்த ரெண்டுப்பா வர மாட்டேங்குது?" டீயை நீட்டியபடி கேட்டார்.

"சிவப்புடல் அழகி ஒண்ணு. நீலவரியன் ஒண்ணு. ரெண்டுமே ஒரு செடிய விட்டு இன்னொரு செடிக்குப் போவாத ஜாதி அண்ணே. பூ வாசத்துக்கு மசியாது."

"இல வாசத்துக்கு?"

கனிராஜ் டீக் கிளாஸை உதட்டிலிருந்து எடுத்தான். மணமீட்டிக்குள் இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் பூ வாசம். மற்றதில், பெண் பூச்சிகள் முட்டையிடத் தேடிவரும் இலைகளின் வாசம். அந்த இரண்டாவது அறைக்கு அரக்கு முத்திரை இருந்தது. பக்கத்திலேயே அந்தச் செடிகளை வளர்த்தால்தான் உடைக்கலாம். காக்கைமேட்டிலும் செடிப் பாத்தி போடுவதாகத்தான் திட்டம். பாத்திக்கு ஒதுக்கிய இடத்தில் இப்போது லாரிகள் நின்றன.

"செடி இல்லாத எடத்துல இல வாசம் விடக் கூடாதுன்னு பயிற்சில சொன்னாவளே அண்ணே."

"ஏன்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"அப்போ இன்னா? தோ பாரு, நாம இன்னா பொய்யா எழுதப் போறோம்? நெஜப் பூச்சி, நெஜ றெக்க. அது வந்தா வந்ததுதான?" டில்லிபாபு சிரித்தார். "உன்ன நான் ஏறச் சொல்லல. நீயே ரோசன பண்ணு. உம் பொண்ணு மூஞ்ச பாத்து எவ்ளோ நாளாச்சு?"

அவர் போன பிறகு கனிராஜ் ரொம்ப நேரம் யோசித்தான் என்று சொல்ல முடியாது. கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு ஏறினான். அரக்கு முத்திரை பப்படம் மாதிரி உடைந்தது. மாலைக்குள் காக்கைமேட்டில் இருந்த எல்லாக் கம்பங்களிலும் ஏறி இறங்கிவிட்டான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

முதலில் வந்தது சிவப்புடல் அழகி. கறுப்பு இறக்கை, சிவப்பு உடம்பு, காற்றில் துணி நழுவுவதைப் போன்ற பறப்பு. டீக்கடை வாசலில் அது தாழ்ந்து போனபோது வடை போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். அடுத்த வாரம் நீலவரியன்கள் கூட்டமாக வந்தன. பழவேற்காட்டுப் பக்கத்துப் புதர்களிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று செய்தியில் சொன்னார்கள். குழந்தைகள் மொட்டைமாடியில் குதித்தார்கள். சிறகெண்ணிகள் எண்ணின. ஒரு வெள்ளிக்கிழமை காலை, வார்டு முகப்பில் இருந்த பெரிய விளக்கு மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியது.

டில்லிபாபு தெரு முழுக்கப் பிரியாணி போட்டார். "பாத்தியா? எங்க ஏரியா காத்து இப்போ ஊட்டி காத்து!" என்று ஒவ்வொரு தட்டுக்கும் சொன்னார். சொல்லிவிட்டு இருமினார். பிரியாணிக் காரம் என்றார்.

பச்சை விளக்கோடு கூட இன்னொன்றும் வந்தது. பச்சை வார்டின் காற்றில் இன்னும் கொஞ்சம் புகைக்கு இடமிருக்கிறது என்பது விதி. ஆகவே பக்கத்துச் சிவப்பு வார்டுகளில் தடுக்கப்பட்ட லாரிகளைக் காக்கைமேட்டு வழியாகத் திருப்பிவிட்டார்கள். முன்பு ஒரு வரிசையாகப் போனவை மூன்று வரிசையாகப் போயின. கனிராஜின் பிரஷ் வாரம் ஒருமுறை கறுத்தது போய் நாள்தோறும் கறுத்தது. பார்த்தான். பார்க்காததுபோல் கழுவினான். குடியிருப்புச் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

"கெளம்புதோம்!" என்றாள் உலகம்மாள். சொல்லெழுதி படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை, அவளே அழைத்துவிட்டாள். பின்னால் பேருந்து இரைச்சல். "பகல் வண்டியில ஏறியாச்சு. உங்க மவ ஜன்னல விட்டு நவுர மாட்டேங்கா. வழியில எல்லாப் பூச்சியும் நம்ம கூடவே மெட்ராஸுக்கு வருதாம்."

பின்னாலிருந்து யாழிசை கத்தினாள். "அப்பா! எனக்குச் செவப்புப் பூச்சி!"

"வா தாயி, வா. வச்சிருக்கேன்."

அன்று காலை அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அறையைக் கூட்டி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, வேலையை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று பதினொன்றாம் கம்பத்தில் ஏறினான். மணமீட்டியின் கழுத்துக்கு அடியில், வாயை மட்டும் தேய்ப்பவன் கண்ணில் படாதபடி, இரும்பு வளையம் ஒன்று உண்டு. இலை வாசத்தின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வழிந்து அந்த வளையத்தில் படிந்திருந்தது. துடைக்கக் கையைக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

வளையத்தைச் சுற்றிலும் கடுகுபோல ஏதோ ஒட்டியிருந்தது. செம்மஞ்சள் நிறம். நெருக்கமாக, ஒழுங்காக, பார்த்துப் பார்த்து வைத்ததுபோல. முட்டைகள்.

வண்ணத்துப்பூச்சி இலையைக் காலால் ருசி பார்க்கும். வாசம் பிடித்து வந்து, காலை வைத்து, இதுதான் என் பிள்ளை தின்னும் இலை என்று நிச்சயமான பிறகுதான் முட்டையிடும். அந்த இரும்பில் வாசமும் இருந்தது, ருசியும் இருந்தது. இலை மட்டும்தான் இல்லை. பல முட்டைகள் பொரிந்து ஓடாகக் கிடந்தன. பொரிந்தவை கறுப்பு நூல் துண்டுகளாக அங்கேயே காய்ந்திருந்தன. ஒன்றில் மட்டும் அசைவு இருந்தது. அது தலையைத் தூக்கி, பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி சுரண்டியது.

புழுவுக்கு மூக்கு கிடையாது. விலாவில் இருக்கும் துளைகளால் மூச்சு விடும் என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அவன் தலைக்கவசத்தின் உருப்பெருக்கியைக் கண்ணுக்கு இறக்கினான். துளை ஒவ்வொன்றிலும் கரி அடைத்திருந்தது. புழுவின் பக்கங்கள் உள்ளே போய் உள்ளே போய் வந்தன.

யாழிக்கு இழுப்பு வரும்போது அவள் விலா அப்படித்தான் குழியும்.

அவன் டில்லிபாபுவை அழைத்தான். "அண்ணே, முட்டையெல்லாம் இரும்புல கெடக்கு. புழு பொரிச்சுப் பொரிச்சுச் சாவுது."

"த்சொ, பாவம்தான். ஆனா எண்றது றெக்கயத்தான? முட்டைய யாரு எண்றா?"

"காத்து நல்லால்ல அண்ணே. நாமதான் வரவச்சோம்."

"அது உனக்கும் எனக்கும்தான தெரியும்?" என்றார் டில்லிபாபு, ஆறுதல் சொல்கிற குரலில்.

கனிராஜ் முதலில் இலை வாசத்தின் திருகை மூடினான். அப்புறம் இறங்காமல் அங்கேயே தொங்கிக்கொண்டு, அரசின் காற்றுத்தோழிக்குப் பேசினான். காற்றுத்தோழி ஒரு பதில் சொல்லும் இயந்திரம். குரல் தேன்.

"காக்கைமேடு பச்சை வார்டு. உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"இங்க காத்து கெட்டுப் போயிருக்கு. பச்சைய எடுத்துருங்க. இன்னிக்கே எடுக்கணும்."

"உங்கள் புகாருக்குச் சான்று தேவை. வண்ணத்துப்பூச்சி இனங்கள் குறைந்துள்ளனவா?"

"குறையல. கூடிருக்கு. ஆனா அதக் கூட்டினதே நாந்தான்."

"வாழ்த்துகள். காற்றின் தரத்தை உயர்த்திய குடிமக்களை அரசு பாராட்டுகிறது. உங்கள் பெயரைப் பதிவு செய்யட்டுமா?"

"வேண்டாம்மா. காத்த வேற எதவாச்சும் வச்சு அளந்து பாருங்க. பழைய பெட்டி ஒண்ணு இருக்குமுல்லா?"

"மன்னிக்கவும். அப்படியொரு கருவி இப்போது பயன்பாட்டில் இல்லை."

பேருந்து விழுப்புரத்தைத் தாண்டியிருந்தபோது உலகம்மாள் அழைப்பை எடுத்தாள்.

"உலகு, வண்டிய விட்டு எறங்கு."

"என்னது?"

"இங்க வராண்டாம். செங்கல்பட்டுல எறங்கிரு. நான் அங்க வாரேன்."

அவள் குரல் தாழ்ந்து வந்தது. "அந்த ரூம்புல வேற யாரும் இருக்காளா?"

"ஏ கிறுக்கி! எவ இருக்கா? இங்க காத்து சரியில்ல."

"பச்சைன்னு டி.வி.யில காட்டுனாவளே மச்சான். செவப்புப் பூச்சியக் காட்டுனாவ. உங்க அண்ணன் பொண்டாட்டியே வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா, இனிமே நல்லாருன்னு. பூச்சி பொய் சொல்லுமா?"

"பூச்சி சொல்லல. நாந்தான் சொல்ல வச்சேன்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அரக்கு முத்திரை, இரும்பு வளையம், புழுவின் விலா. சொல்லெழுதி பழக்கதோஷத்தில் அவன் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தது. கடைசியில், "கண்டக்டர் அண்ணே, செங்கல்பட்டுல ஒரு ஆள் எறங்கணும், கூட பிள்ளை இருக்கு" என்று உலகம்மாள் சொல்வது கேட்டது.

வெயில் தாழ்ந்தபோது செங்கல்பட்டு ரயில் நிலையத்தின் நடைமேடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். யாழிசை ஓராண்டில் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அவன் மடியில் ஏறி, சட்டைப் பையைத் துழாவி, சாவியை எடுத்து விளையாடினாள். சிவப்புப் பூச்சி எங்கே என்று ஒருமுறை கேட்டாள். வேற ஊருக்குப் போயிருக்கு என்றான். நாமளும் அங்க போவோம் என்றாள். அத்தோடு மறந்துபோனாள்.

உலகம்மாள் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்தாள். கோபம் அவள் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. சோற்றை அள்ளி வைத்த வேகத்தில் அது தெரிந்தது.

"இந்தப் பாவத்துக்கு நான் உங்க அண்ணன் வீட்டு வெறுங்குழம்பே தின்னுட்டு இருந்துருப்பேன்."

"திரும்பிப் போயிருவோமா உலகு? நம்ம ஊர்க் காத்து நல்ல காத்துதான?"

அவள் கை நின்றது. "நம்ம ஊரு விலக்கு ரோட்டு முக்குலயும் போன மாசம் ஒரு கம்பம் நட்டுட்டாவ மச்சான். ஒங்க அண்ணந்தான் தேங்கா ஒடச்சாரு. ஒரே வாரத்துல ஊரு பச்சை. அடுத்த வாரமே கல்குவாரி லாரி அந்த வழியா வருது."

கனிராஜ் வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்கவும் மறந்தான். தலைக்கவசத்தை எடுத்து, அதன் கண்ணாடித் திரையில் மாநிலத்தின் காற்று நிற வரைபடத்தைத் திறந்து அவளுக்கும் காட்டினான். தாம்பரம் பச்சை. திண்டிவனம் பச்சை. மதுரை பச்சை. கடற்கரை நெடுகப் பச்சை. அவன் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் படத்தில் பச்சையை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது தரிசு நிலத்தில் மழை பெய்ததைப் போலப் படம் முழுக்கப் பச்சை பிடித்திருந்தது.

"அம்புட்டும் நல்ல காத்தா?" என்றாள் உலகம்மாள்.

"செலது நெசமா இருக்கும்."

"எது?"

அவனுக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்த்துச் சொல்ல இனி யாராலும் முடியாது என்பது மட்டும் தெரிந்தது. எல்லா ஊரிலும் ஒரு டில்லிபாபு இருப்பார். எல்லாக் கம்பத்திலும் தன் பிள்ளைக்காக ஒருவன் ஏறியிருப்பான்.

யாழிசை இருமினாள். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை.

இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் நெஞ்சின் சத்தத்தையே கேட்டார்கள். காற்றை அளக்க அவர்களிடம் மிச்சமிருந்த கருவி அது ஒன்றுதான். மூன்றாவது இருமல் வரவில்லை. அவள் சாவியை பெஞ்சில் தட்டித் தாளம் போட ஆரம்பித்தாள்.

கனிராஜ் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான். சொல்லெழுதி யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டது. எப்போதும்போல் ஊர் எண் முன்னால் வந்து நின்றது. அவன் அதைத் தள்ளிவிட்டு, எல்லாருக்கும் என்றான். எல்லாருக்கும் என்றால் முன்பின் தெரியாதவர்களுக்குமா என்று அது மறுபடி கேட்டது. ஆமாம் என்றான்.

பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினான்.

"இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, ஒரு உதவி செய்யணும். உங்க தெருவுக்கு வண்ணத்துப்பூச்சி வந்தா எத்தனன்னு எண்ணாதீங்க. அது எங்க முட்ட வைக்குதுன்னு பாருங்க. இரும்புல வச்சா விட்டுருங்க. இலையில வச்சிருந்தா, நாலு நாள் கழிச்சு மறுபடி போயிப் பாருங்க. புழு உசுரோட இலயத் தின்னுக்கிட்டு இருந்தா, உங்க ஊர் பேர எனக்கு எழுதுங்க. நாங்க மூணு பேரு, செங்கல்பட்டு ஸ்டேஷன்ல இருக்கோம். ஊர் பேரு மட்டும் போதும்."